மண்டபத்து பார்க்கிங்கில் இடித்தது நான், அடி வாங்கியதும் நான்: புகார் கொடுக்கலாமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பார்க்கிங். பந்தி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுக்கும் நெரிசல். நீங்கள் ரிவர்ஸ் எடுத்தபோது பின்னால் நின்ற கே.ஏ. பதிவெண் கார் ஒன்றின் பம்பரில் உரசிவிட்டீர்கள். அதிலிருந்து இறங்கி வந்தவர் உங்கள் சாவியை உருவிக்கொண்டு 25,000 ரூபாய் கேட்டார். கெட்ட வார்த்தையில் திட்டினார், காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார், உங்கள் சைடு மிரரை உதைத்து உடைத்தார். மண்டபத்து மேனேஜர் வந்து சாவியை வாங்கிக் கொடுத்தார். இது நடந்து நான்கு நாள் ஆகிறது. அவர் இப்போது போனில் பணம் கேட்கிறார், இல்லாவிட்டால் கேஸ் கொடுப்பேன் என்கிறார். பிரைவேட் இடத்தில் நடந்ததற்குப் போலீஸ் வருமா, நாம் கொடுத்தால் அவரும் கொடுப்பாரா, அங்கேயே திருப்பி அடித்திருக்க வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: முதலில் இடித்தவனுக்குப் புகார் கொடுக்க வாய் உண்டா?

உண்டு. குற்ற வழக்குகளும் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளும் பார்க்கிற வழக்கறிஞன் என்ற முறையில் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். வண்டிக் கணக்கு வேறு, கைக் கணக்கு வேறு. பம்பரில் உரசியது உங்கள் கவனக்குறைவு, அதற்குப் பொறுப்பு பணத்தில். அறைந்தது அவருடைய குற்றம், அதற்குப் பொறுப்பு வழக்கில். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்கச் சட்டத்தில் வழியில்லை. அன்று அவர் செய்தது இரண்டையும் கலந்தது, இன்று நீங்கள் செய்துகொண்டிருப்பதும் அதைத்தான்.

கைக் கணக்கை முதலில் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் சம்பவங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதாதான். ஓர் அறை அதில் பிரிவு 115(2), அதாவது காயம் விளைவித்தல். ரத்தம் வரவேண்டும் என்றில்லை, உடல் வலி இருந்தாலே போதும். ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இது போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத வகைக் குற்றம், மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதனால்தான் நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களில் எப்போதும் மூன்று பிரிவுகள் மாலை மாதிரி கோர்த்தே வரும்: 296(b) ஆபாச வார்த்தை, 115(2) அடி, 351(3) கொலை மிரட்டல். பழைய எண்களில் 294(b), 323, 506(ii). கோர்வையில் ஒரு பிரிவாவது போலீஸ் நேரடியாக விசாரிக்கத்தக்கதாக இருந்தால் முழு வழக்கும் அப்படியே கருதப்படும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற நடைமுறைச் சட்டம். கோர்ப்பதன் ரகசியம் அதுதான்.

இதில் எது நிற்கும், எது உதிரும் என்று தெரிந்துகொண்டு புகார் எழுதுவது நல்லது. அறை நிற்கும், சாட்சியும் மருத்துவக் குறிப்பும் இருந்தால். ஆபாச வார்த்தைப் பிரிவு பலமுறை உதிர்ந்துவிடும். கோபத்தில் திட்டியது மட்டும் ஆபாசம் ஆகாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. 'அசிங்கமாகத் திட்டினார்' என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. சொன்ன வார்த்தையை, எழுதக் கை கூசினாலும், அப்படியே எழுத வேண்டும். கொலை மிரட்டலும் அப்படித்தான். வாய்ச்சவடால் வேறு, கேட்டவர் நிஜமாகவே பயந்து நடுங்கும்படி மிரட்டுவது வேறு. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால், திட்டப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவும் திட்டியவர் அப்படி இல்லாதவராகவும் இருந்தால், கதையே மாறிவிடும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது. நாலு பேர் பார்க்க நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கல்யாண மண்டபத்து பார்க்கிங்கில் தானாகவே நிறைவேறிவிடும்.

சாவியைப் பிடுங்கியது பற்றி. பலர் இதை ஒரு குற்றமாகவே எண்ணுவதில்லை, 'ஓடிப் போயிடுவான்னு எடுத்தேன்' என்பார்கள். வண்டியைக் குறுக்கே நிறுத்தி ஒருவரைப் போகவிடாமல் செய்வது 126(2), சட்டவிரோதத் தடுப்பு: ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இதைப் போலீஸ் நேரடியாகப் பதியலாம். சாவி மட்டும் போயிருந்தால் ஒரு வாதம் எழும்: 'கார்தான் நின்றது, ஆள் நடந்து போயிருக்கலாமே.' அந்த வாதத்துக்கு ஓரளவு எடை உண்டு, ஆகவே தடுப்புப் பிரிவை மட்டும் நம்ப வேண்டாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அடிப்பேன் என்று பயமுறுத்தி, நீங்கள் பணம் கொடுத்திருந்தால் அது 308, மிரட்டிப் பணம் பறித்தல். ஏழாண்டு வரை போகும். நீங்கள் கொடுக்கவில்லை, ஆகவே முயற்சி என்ற அளவில்தான் பேச முடியும். நிலையத்தில் இதை எளிதில் பதிய மாட்டார்கள். ஆனால் புகாரில் தொகையையும் கேட்ட வார்த்தையையும் எழுதிவைத்தால் பிறகு பேரம் வரும்போது உங்கள் பக்கம் கனம் கூடும்.

காது. இதைத்தான் நீங்கள் ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. உள்ளங்கையால் காதின் மேல் விழும் அறையில் செவிப்பறை கிழிவது சாதாரணமாக நடக்கக்கூடியது. காது அடைத்த மாதிரி இருப்பது, இரைச்சல், தலைசுற்றல், கொஞ்சம் நீர் கசிவது ஆகியவை அடையாளம். தண்ணீர் படாமல் வைத்திருங்கள், வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தையோ எண்ணெயையோ ஊற்ற வேண்டாம். சிறு கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் உடம்புக்கு நல்லது, ஆதாரம் மட்டும் போய்விடும். ஆகவே இன்றே கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், 'இன்ன தேதியில் இன்ன இடத்தில் ஒருவர் கையால் அறைந்தார்' என்று சொல்லி ஏ.ஆர். போடச் சொல்லுங்கள். ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. அதில் நீங்கள் சொன்ன காரணம், எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று எழுதுவார்கள். அங்கே சொன்னதும் புகாரில் எழுதுவதும் மாறினால் குறுக்கு விசாரணையில் முதல் அடி அங்கேதான் விழும். கூட வந்த மாமா 'நாலு பேர்னு சொல்லுடா' என்றால் கேட்காதீர்கள். தனியார் மருத்துவமனைச் சீட்டும் உதவும், என்றாலும் ஏ.ஆர். இருக்கும் வழக்கு வேறு, இல்லாத வழக்கு வேறு.

கொடுங்காயம் எது என்பதைப் பிரிவு 116 எட்டு வகையாகச் சொல்கிறது. எலும்போ பல்லோ உடைவது, நிரந்தரமாகக் கேட்கும் திறன் போவது, பதினைந்து நாள் கடுமையான வலியில் கிடப்பது எல்லாம் அதில் வரும். பழைய சட்டத்தில் இருபது நாளாக இருந்ததைப் பதினைந்தாக்கிவிட்டார்கள். அப்படியானால் 117(2), ஏழாண்டு வரை. அதே கை, அதே ஒரு வினாடி, பல் தப்பித்தால் ஓராண்டு, பல் போனால் ஏழாண்டு. வீல் ஸ்பேனரையோ ஜாக்கி ராடையோ எடுத்துவிட்டால் 118, தனி அத்தியாயம். வண்டி நிறுத்தியதில் வந்த தகராறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவின் வழக்கு. 1988 டிசம்பரில் பாட்டியாலாவில், நடுரோட்டில் நின்ற வண்டியை எடுக்கச் சொன்ன 65 வயதுப் பெரியவர் அடிபட்டு இறந்தார். 2018இல் உச்ச நீதிமன்றம் சாதாரணக் காயம் என்று சொல்லி 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் மறுஆய்வில் ஓராண்டு கடுங்காவல் கொடுத்தது. இடையில் 33 ஆண்டுகள்.

திருப்பி அடிப்பது பற்றிக் கேட்டீர்கள். தற்காப்பு உரிமை 34ஆம் பிரிவிலிருந்து இருக்கிறது, உண்மையான உரிமைதான். ஓங்கிய கையைத் தட்டிவிடலாம், தள்ளிவிட்டு விலகலாம். ஆனால் அடி விழுந்து, அவர் பின்வாங்கி, நீங்கள் காரை விட்டு இறங்கிப் போய்க் கொடுக்கும் அறை தற்காப்பு ஆகாது. ஆபத்து முடிந்ததும் உரிமையும் முடிந்துவிடும். நீங்கள் திருப்பி அடிக்காமல் விட்டதால் மானம் போய்விட்டது என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வழக்கின் கண்ணோடு பார்த்தால் உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய பலம் அதுதான்.

ஏனென்றால் எதிர்ப்புகார் வரும், அது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த மறுநாளோ, இந்த வாரமே உங்களை முந்திக்கொண்டோ. இரண்டு புகாரையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரித்து, யார் முதலில் கை வைத்தது என்று பார்க்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இரு தரப்பையும் ஒரே நாளில் உட்காரவைத்து 'ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க' என்று முடிப்பதும் உண்டு. எதிர்ப்புகாரில் உங்கள் மேல் என்ன சொல்ல முடியும்? வேகமாக ரிவர்ஸ் எடுத்தது. பொதுவழியில் அஜாக்கிரதையாக ஓட்டுவது 281. மண்டபத்து வளாகம் 'பொதுவழி' ஆகுமா என்பது வாதத்துக்குரியது, அழைப்பின் பேரில் மக்கள் வந்து போகும் இடம் என்பதால் இரு பக்கமும் பேசலாம். யாருக்கும் அடிபடாத பம்பர் உரசலுக்கு அது பெரிய ஆயுதமில்லை. மற்றபடி அறை, மிரட்டல், கண்ணாடி உடைப்பு ஆகியவற்றுக்கு இடம் தனியாருடையதா பொதுவா என்ற கேள்வியே எழாது. வீட்டு வாசலில் அடித்தாலும் அடிதான். உங்கள் மேல் புகார் வந்தால் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கைது தானாக நடப்பதில்லை, முதலில் விசாரணைக்கு வரச்சொல்லி நடைமுறைச் சட்டத்தின் 35(3) நோட்டீஸ் வரும். நோட்டீஸில் சொன்ன தேதிக்குப் போக வேண்டும், ஓடி ஒளிந்தால்தான் சிக்கல். ஒரு விஷயம்: வீட்டில் யாராவது காவலர் தேர்வுக்கோ வேறு அரசு வேலைக்கோ தயாராகிக்கொண்டிருந்தால் அவர் பெயர் எதிர்ப்புகாரில் சேராமல் இருப்பது முக்கியம். அதனால்தான் 'பசங்கள வரச்சொல்லு' என்று போன் போடுவதை அவ்வளவு எதிர்க்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு தப்பான நோக்கத்தோடு நின்றால் சட்டவிரோதக் கும்பல். அதில் ஒருவன் அடித்தாலும் ஐந்து பேருக்கும் கணக்கு விழும்.

இனி ஆதாரம். மண்டபத்து கேமராவின் டி.வி.ஆர்., அதாவது காட்சியைப் பதியும் பெட்டி, பழைய பதிவை அழித்து அதன் மேலேயே எழுதும். ஹார்ட் டிஸ்க் அளவையும் கேமரா எண்ணிக்கையையும் பொறுத்து ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை இருக்கும். நான்கு நாள் போய்விட்டது. மேனேஜரிடம் தேதி, நேரம், எந்தக் கேமரா என்று எழுதி ஒரு கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். டி.வி.ஆர். கடிகாரம் பல இடங்களில் தப்பாக ஓடும். அதனால் திரையையும் உங்கள் போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள், எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று பிறகு சொல்ல முடியும். அவர் காப்பி தரமாட்டேன் என்றால் சண்டை போட வேண்டாம், போலீஸ் நோட்டீஸ் கொடுத்து வாங்க முடியும். மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் ஏற பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63இன்படி சான்றிதழ் வேண்டும், அந்தப் படிவத்தில் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். ஆகவே அசல் கோப்பைத் தொடாமல் பென்டிரைவில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தது சுருங்கிப்போன நகல், அது மட்டும் கையில் இருந்தால் போதாது. உங்கள் காரில் டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டை உடனே கழற்றி வையுங்கள், ஓட ஓட அதுவும் அழியும்.

புகார் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மண்டபம் டவுன் காவல் நிலைய எல்லையிலா தாலுகா நிலைய எல்லையிலா என்று கேட்டு அங்கே கொடுங்கள். எல்லை தவறானாலும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இப்போதைய சட்டம், அவருடைய வண்டி கர்நாடகப் பதிவாக இருப்பது எதையும் மாற்றாது. நீங்கள் இடித்ததை மறைக்காதீர்கள். 'நான் ரிவர்ஸ் எடுத்தபோது அவருடைய பம்பரில் என் வண்டி உரசியது' என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். கேமராவில் இருப்பதை நீங்களே சொல்லிவிட்டால் மீதியை நம்புவார்கள். நான்கு நாள் தாமதத்துக்கு உண்மையான காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். அதுவும் மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில், அதன்பின் நடைமுறைச் சட்டத்தின் 173(4)இன்படி மாஜிஸ்திரேட்டிடம். 115(2) மாதிரி ஓராண்டுத் தண்டனைக் குற்றங்களை நீதிமன்றம் கோப்பில் எடுக்க ஓராண்டுதான் கெடு.

வண்டிக் கணக்கு சீக்கிரம் முடியும். அவருடைய பம்பருக்கு அவர் எஸ்டிமேட் கொடுக்கட்டும். 25,000 என்பது கோபத்தில் வந்த எண். டிங்கரிங் கடையில் ஒரு பம்பரை ஒட்டிப் பெயிண்ட் அடிக்க ஆகும் செலவை நீங்களும் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். மூன்றாம் நபர் பாலிசி தனியார் காருக்கு 7.5 லட்சம் வரை பிறர் சொத்துச் சேதத்தை ஏற்கும், ஆனால் அதற்கு வழி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். பம்பருக்காக யாரும் அங்கே போவதில்லை, அவரவர் சொந்தச் சேதப் பாலிசியில் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் மிரர் உடைந்தது, சொந்தச் சேதமும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியில் 'தீய நோக்கச் செயல்' என்ற வகையில் வரும், சி.எஸ்.ஆர். கேட்பார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. மிரர் செட் முழுவதும் 8,000 என்று வைத்து எல்லாவற்றையும் பிளாஸ்டிக்காகவே எடுத்தால் கையில் வருவது 3,000. உங்கள் சொந்தச் சேதப் பிரீமியம் 9,000ஆக இருந்து அடுத்த வருடம் வரவேண்டிய நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி, 35 சதவீதமாக இருந்தால் இழப்பது 3,150. தேய்மானம் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசி எடுத்திருந்தால் மட்டும் கிளெய்ம் போவதில் அர்த்தம் இருக்கிறது.

சமாதானமாகப் போக நினைத்தால் அதிலும் தப்பில்லை. 115(2), 126(2) இரண்டும் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்கள். ஆனால் மருத்துவப் பதிவும் சி.எஸ்.ஆரும் கையில் வந்தபிறகு பேசுங்கள். பம்பருக்கான தொகையை யு.பி.ஐ.யில் அனுப்பி, குறிப்பில் 'பம்பர் சேதம் மட்டும்' என்று போடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். 'முழுத் தப்பும் என்னுடையது' என்று எழுதித் தரவும் வேண்டாம். கம்பெனி சம்மதமில்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக உறுதி சொல்லவோ கூடாது என்று உங்கள் பாலிசியிலேயே நிபந்தனை இருக்கும், எடுத்துப் படியுங்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடித்ததும் கதவைப் பூட்டி, கண்ணாடியை இரண்டு விரல் அளவு மட்டும் இறக்கி, சாவியைத் துவாரத்தில் விடாமல் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி வைத்துப் பேசியிருக்கலாம். 'அண்ணா, பட்டுருச்சு, போட்டோ எடுத்துக்கலாம், நம்பர் குடுக்கறேன்' என்ற அளவு போதும். அண்ணா என்ற சொல் தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே பொருளில் இருப்பது இந்த எல்லை மாவட்டத்துக்கு வாய்த்த வசதி. இறங்கியே ஆக வேண்டுமென்றால் காரின் மறுபக்கம் இறங்கி, நடுவில் வண்டியை வைத்துப் பேச வேண்டும். இரண்டு வண்டிக்கு இடையில் நிற்கக் கூடாது. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினால் முதலில் போகும் சாமான் அந்தப் போன்தான். பின்சீட்டில் இருப்பவர் தள்ளி நின்று பதிவு செய்யட்டும். 112க்கு அழைக்கலாம். ஆனால் கல்யாண மண்டபத்தில் அதைவிட வேகமானது மைக். வழியை மறித்த வண்டி நம்பரைச் சொல்லும் அதே மைக்கில் 'பார்க்கிங்கில் தகராறு, மேனேஜர் வரவும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இரு வீட்டுப் பெரியவர்களும் வந்து நிற்பார்கள்.

இப்போதைக்கு வரிசை இதுதான்: இன்று காது, நாளை காலை மண்டபத்து கேமரா, நாளைக்கே காவல் நிலையம். அவர் மறுபடி போன் செய்தால் எடுத்து, 'எஸ்டிமேட் வாட்ஸ்அப்ல அனுப்புங்கண்ணா' என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். அவர் அனுப்பும் எதையும் அழிக்காதீர்கள், திட்டி அனுப்பினாலும்.